துணிப்பலகையும் என் அக்குளும்

பிளேக்கில் செத்தவர்களின் துணியை அடுக்கி, நசுக்கி, அதில்தான் துணிப்பலகை செய்கிறார்கள் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். அரைகுறையாக அல்ல, கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லும் அளவுக்கு நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகள் கடைக்குக் கடை தொங்க ஆரம்பித்த பிறகு, நம் பட்டறைக்கார இளவட்டங்களுக்கு ஒரு சிறப்பு மலர் போட வேண்டும், அதில் கைப்பிடிகளின் கதையை எழுத வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. இரண்டு பேர் வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். படத்துக்குக் கீழே 'கோவையில் முதன்முதலில் துணிப்பலகைப் பிடி போட்டவர்' என்று அச்சடிக்கப் போகிறார்களாம். விரல்கள் மடங்க மறுத்ததால் முடி முழுசாக நரைப்பதற்குள்ளேயே அரத்தைக் கீழே வைத்தவன் நான். படத்துக்காகப் பல் எல்லாம் தெரியச் சிரித்தேனே தவிர, 'அது நானில்லையப்பா' என்று சொல்லவில்லை. மூடவேண்டிய நேரத்தில் திறப்பதும் திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொள்வதும் என் வாய்க்குப் பழக்கம்.

துணிப்பலகை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணியை ஒரு பசையில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டோடு நசுக்கினால் பலகைபோல் இறுகிவிடும். தண்ணீரில் ஊறாது, வெயிலில் வெடிக்காது, மின்சாரத்தை உள்ளே விடாது. பைக்காரா கரண்டு வந்து, கோயமுத்தூரில் திரும்பிய பக்கமெல்லாம் மில் புகைபோக்கி எழும்பிய முப்பதுகளில், அது சுவிட்சுகளைப் பதிக்கிற பலகையாகவும் சத்தமில்லாமல் சுற்றுகிற பல்சக்கரமாகவும் கப்பலேறி வந்தது. சக்கரத்தில் பல் உடைந்தால் மில்காரர்கள் அதைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள்.

நான் சூலூர்ப் பக்கம் வண்டிப்பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தவன். கல்யாணமான பிறகு கோட்டைமேட்டில் ராவுத்தர் கத்திப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிடி போட மாட்டுக்கொம்பு அறுத்தேன். கொம்புத்தூள் நாற்றம் தலைமயிரில் ஏறிக்கொள்ளும். என் வீட்டுக்காரி என்னை வாசலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். அதுதான் என் படிப்பு, அதுதான் பட்டம்.

ராவுத்தர் என்னைவிட இளையவர். அவர் முதலாளி, நான் கூலிக்காரன். ஆனாலும் என்னை 'ரங்கண்ணா' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் "ரங்கண்ணா, அந்த அரத்தை எடுங்க" என்பவர், வேலை கெட்டுப்போன நாளில், "ஏனுங்ணா, தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா?" என்பார். அந்தக் 'கேட்டுக்கலாமுங்களா' காதில் விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். வைகிற முதலாளியைத் திரும்ப மனசுக்குள் வையலாம். இவரை என்ன செய்வது?

முடித்த கத்தியைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். பிடியை உள்ளங்கையில் இறுக்குவார், தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். "இன்னுமுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். எந்த இடத்தில் என்று சொல்ல மாட்டார். நானும் கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்து, உறுத்துகிற இடத்தைத் தேடி அரம் போட வேண்டும். ஒரு தடவை, கண்டுபிடித்துவிடுவாரா பார்ப்போம் என்று, ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து அதே கத்தியைத் திருப்பி நீட்டினேன். கண்ணை மூடினார். "ஏனுங்ணா, தப்பா நெனைக்காதீங்க..." என்று ஆரம்பித்தார்.

கத்தி சாணைபிடிக்க வந்த ஒரு மில் பிட்டர்தான் துணிப்பலகையை எங்களுக்குக் காட்டினார். பையிலிருந்து உடைந்த பல்சக்கரம் ஒன்றை எடுத்து வைத்து, "பல்லுதானுங்க போச்சு, ஒடம்பு கல்லாட்டம் இருக்குது. அறுத்துப் பாருங்க ராவுத்தரே" என்றார். ராவுத்தர் அறுத்தார். நெய்த நூல் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பல நாள் அவர் வேறெதையும் தொடவில்லை.

அவர் கண்டுபிடித்த முறை இது. கத்தியின் இரும்பு பிடிக்குள் போகிற பகுதியை நாங்கள் வால் என்போம். கொம்புப் பிடிக்கு, வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கொம்பில் இறக்குவோம். அது தன் வழியைத் தானே எரித்துக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். துணிப்பலகைக்குச் சூடே கூடாது என்றார் ராவுத்தர். வாலைப் பிடியின் அகலத்துக்கே தட்டி வைத்துக்கொண்டு, பலகையில் இரண்டு சில்லு அறுத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து, வைஸில் இறுக்கி, தமர் போட்டுத் துளைத்து, பித்தளை ஆணி இறக்கி இரண்டு பக்கமும் தட்டுவார். பிறகு அரம், ஒரே திசையில். எதிர்த்து இழுத்தால் நூல் பிசிறு எழும்பும். அப்புறம் உப்புத்தாள், கடைசியில் நல்லெண்ணெய். பிடி வளைகிற இடத்தில் துணியின் அடுக்குகள் கோடு கோடாக விரியும், குளத்தில் கல் போட்டால் விரிகிற மாதிரி. முதல் பிடி முடிந்தபோது ராவுத்தர் கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தார். 'இன்னுமுங்க' என்று அவர் சொல்லாத முதல் பிடி அதுதான். அவரே செய்தது.

எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார். "அறுக்கறப்ப அடியில ஈரச் சாக்கு போட்டுக்குங்ணா. தண்ணி சொட்டச் சொட்ட அறுங்க. தூசி மேல ஒட்டுனா அரிக்குது. எந்திரிக்கறப்ப கையக் கழுவிப்போடுங்க." தண்ணீர் வேண்டுமென்றால் தெருக்குழாய்க்குப் போக வேண்டும். அங்கே பெண்கள் வரிசை. மீசை வைத்த ஆண்பிள்ளை குடத்தோடு நின்றால் கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா? அவர் இருக்கும்போது சாக்கை நனைத்தேன். அவர் வெளியே போனால் உலர்ந்த சாக்கிலேயே அறுத்தேன்.

அந்த வருடம் பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. கசாப்புக்கடை அமீது பாய் பரீட்சைக்கென்று ஒரு துணிப்பலகைக் கத்தியை வாங்கிப்போய்த் தண்ணீரிலும் ரத்தத்திலும் புழங்கிவிட்டு வந்தார். மரப்பிடி என்றால் ஊறி, நாறி, ஆணி ஆட ஆரம்பித்திருக்கும். இது அப்படியே இருந்தது. "மார்க்கெட்டுல எல்லாத்துக்கும் பக்ரீத்துக்குப் போட்டுக் குடுங்க ராவுத்தரே" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இதுல கண்டது கடியது ஒண்ணும் சேரலீங்களே? குர்பானிக் கத்தி. சுத்தமா இருக்கோணும்" என்றார்.

"துணியும் பசையுந்தானுங்க. என்ற வார்த்தை" என்றார் ராவுத்தர்.

பாய் போன பிறகு ராவுத்தர் என்னிடம் சொன்னார்: "கொம்பு வாங்கறத நிறுத்திட்டனுங்ணா. மரமும் வேண்டாம்னுட்டேன். இது நின்னா பட்டறை நிக்கும். இல்லீனா நான் மில்லுக்கு அரம் புடிக்கப் போகோணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். துணிப்பலகையை அறுத்தால் ஒரு வாசனை வரும். கார்பாலிக் என்கிற கிருமி மருந்தின் வாசனை. கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு அந்த வாசனை என்றால் ஒரே அர்த்தம்தான். சின்ன வயதில் பிளேக் வந்தபோது முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயிலை விடுவார்கள், சுவரெல்லாம் கார்பாலிக் அடிப்பார்கள், செத்தவர்களின் துணிமணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வண்டி எங்கே போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அது கணக்குத் தீராமல் மனசில் கிடந்தது. இப்போது கையில் துணிப்பலகை. துணி இருக்கிறது, கார்பாலிக் நாற்றம் இருக்கிறது. நம் ஊர் மில்காரர்கள் கூட்டித் தள்ளின பஞ்சுத் தூசியைக்கூட வீணாக்காமல் மறுபடி நூற்கிறவர்கள். இவ்வளவு துணியை எரித்தா போட்டிருப்பார்கள்? சீமைக்கு அனுப்பி, நசுக்கி, பலகையாக்கித் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள்! நாற்றம் பசையிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

பிறகு முழங்கை வரை அரிப்பு வந்தது. பிறகு ஒரு காலையில் வலது அக்குளில் கட்டி.

பிளேக் கட்டி அக்குளில் வரும் என்பது எனக்குத் தெரியும். கஞ்சியைத் தள்ளிவைத்தேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, கோழி றெக்கைய விரிச்சாப்ல ஒரு கையத் தூக்கியே வெச்சிருக்கீங்க?"

"காத்து வாங்கறேன் அம்மணி."

"அக்குளுக்கா? வெரல்ல என்னுங்க, அரம் கீறுனது சீப் புடிச்சிருக்குது? அதுக்கு நெறி கட்டியிருக்கும். மஞ்சப் பத்துப் போடறேன், இருங்க."

"உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவள் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்வாளா, மாட்டாளா என்று யோசித்தேன். மாட்டாள் என்று முடிவு செய்து அழுகை வந்தது. செய்துகொள்வாள் என்று தோன்றி அதைவிட அதிகமாக வந்தது.

அன்று ராவுத்தர் இன்னும் கொஞ்சம் பலகை கேட்க மில்லுக்குக் கிளம்பினார். முடிந்த கத்திகள் வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தன. தோலுரிக்கிற சின்னக் கத்தி ஒன்று மட்டும் வால் ஒல்லியாகக் கிடந்தது. "அதத் தொடாதீங்ணா, நான் வந்து வாலை அகலப்படுத்திக்கறேன்" என்றார். அமீது பாய் சாமான் பார்க்க வருவார் என்றும், வந்தால் உட்காரவைக்கும்படியும் சொன்னார்.

அமீது பாய் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சுவரில் இருந்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். நல்லதாகத்தான் சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். சாகப் போகிறவனுக்கு எதற்கு வித்தை? ஆனால் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. "கொம்புல சூட்டுக்கோல் எறங்கற மாதிரி இதுலயும் எறக்கிக் காட்டறேன் பாருங்க பாய்!" என்று, அந்த ஒல்லி வாலை உலையில் வைத்துச் செக்கச் செவேலென்று காய்ச்சி, ஒரு பலகைத் துண்டின் நுனியில் வைத்து அழுத்தினேன்.

இறங்கவில்லை. பிளந்தது. நனைந்த புத்தகம் பிரிகிற மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்து, நூல் கருகி, நடுவிலிருந்து கெட்டியாக மஞ்சள் புகை எழும்பியது. பட்டறை முழுக்கக் கார்பாலிக். தெருவெல்லாம் கார்பாலிக். எதிரே டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க, பிளேக்கு மருந்து அடிக்கறாங்களா?"

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம். பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். வலது கையை உயரத் தூக்கினேன். அமீது பாயின் முகத்துக்கு நேராக என் அக்குளைக் காட்டிக்கொண்டு கத்தினேன்.

"பிளேக்குங்க பாய்! எனக்கு வந்துருச்சுங்க! இது பொணத்துத் துணிங்க! பொணத்துத் துணியில செஞ்ச புடிங்க!"

அமீது பாய் பெரிய உடம்புக்காரர். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த கத்தியைப் பாம்பை உதறுகிற மாதிரி உதறினார். தெரு காலியானது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைக்காமலே போய்விட்டார். நான் மட்டும் சட்டையில்லாமல், கையை இறக்கத் தோன்றாமல், போலீஸ்காரன் வண்டியை நிறுத்துகிற மாதிரி நடுப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன்.

யாரோ போய்ச் சொல்லி முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தார்கள். என்னை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர்.

"காய்ச்சல் இருக்கா?"

"வரப் போகுதுங்க."

"எப்படித் தெரியும்?"

"ஒடம்பு நடுங்குதுங்க."

"அது பயம். கையை நீட்டு." கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன?"

"அரம் கீறுனதுங்க."

"சீழ் பிடிச்சிருக்கு. கையில புண்ணு வந்தா அக்குள்ல நெறி கட்டும்னு உன் வீட்டில யாரும் சொன்னதில்லையா?"

"காலையிலதான் சொன்னாளுங்க" என்றேன்.

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. புண்ணைக் கீறிக் கழுவிக் கட்டினார். முழங்கை அரிப்பைப் பார்த்து, என்ன தூசி, கையைக் கழுவுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

நடந்தேதான் திரும்பினேன். பட்டறைக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஓடுகளைப் பிரித்துத் தெருவோரம் அடுக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் கார்பாலிக் ஈரம். ராவுத்தர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் பிளந்த பலகை. அதன் அடுக்குகளை விரலால் ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'தப்பா நெனைக்காதீங்க' வரும் என்று நின்றேன். வரவில்லை.

"வெரல் எப்படி இருக்குதுங்ணா?" என்றார்.

"கட்டுப் போட்டிருக்காங்க. நெறிதானாமுங்க."

"சூடு வெச்சீங்களா?"

"வெச்சுப்போட்டனுங்க."

"சரி" என்று பலகையைக் கீழே வைத்தார். வைது தொலைத்திருக்கலாம்.

சாயங்காலம் அவர் மார்க்கெட்டுக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். அமீது பாய் மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் பேசினார். "நான் உங்களை நம்பறேன் ராவுத்தரே. ஆஸ்பத்திரியில சொன்னதையும் கேட்டேன். ஆனா அந்த வார்த்தை தெருவுல விழுந்துருச்சு. நாளைக்குக் கறி வாங்கறவங்க, எந்தக் கத்தியில அறுத்தீங்கன்னு கேப்பாங்க. பொணத்துத் துணியான்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

ராவுத்தர் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவருக்காக நான் சொல்லலாம் என்று புறப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிக்கவைப்பது. மறுநாள் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். பிடியை நக்கிக் காட்டினேன். கடித்துக் காட்டினேன். தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தேன். "பாருங்க, சாகலீங்க! நேத்துச் செத்தவன் இன்னைக்கு நடந்து வந்திருக்கேன்!" என்று கையைத் தூக்கி அக்குளைக் காட்டினேன். ஒவ்வொரு கடையிலும் சிரித்தார்கள். ஒரு கடையில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை நக்கச் சொன்னார்கள். நக்கினேன். ஒருவரும் கத்தியைக் கையில் வாங்கவில்லை.

அதுவரை என் வாயால் ஊர் சிரித்தால் அது எனக்கு வரவு என்று நினைத்திருந்தேன்.

ஆடியில் அந்தக் கத்திகளை மூட்டை கட்டி அந்தியூர்ச் சந்தைக்கு நான்தான் எடுத்துப் போனேன். குதிரைக்காரர்களும் மாட்டுக்காரர்களும் எங்கள் தெருக் கதையைக் கேள்விப்படாதவர்கள். "இது என்னத்துல செஞ்சதுங்க?" என்று ஒருவர் கேட்டார். ஆயிரம் வேடிக்கை நாக்கு நுனியில் வந்தது. "புதுத் துணியுங்க, பசையுங்க" என்று மட்டும் சொன்னேன். எல்லாம் விற்றது. அப்புறம் பட்டறையை நான் நடத்தினேன். இத்தனை வருடமும் எனக்கு வந்த உடைந்த பல்சக்கரங்கள், சுவிட்சுப் பலகைகள் எல்லாம் ராவுத்தர் மில்லிலிருந்து பொறுக்கி அனுப்பியவை. நான் போட்ட பிடிகளைப் பாராட்டுகிற இளவட்டங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றின் அளவு, வளைவு, ஆணி இருக்கிற இடம் எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவை. ஈரச் சாக்குகூட அவருடையதுதான். அதற்குப் பிறகு நான் அதை நனைக்காமல் ஒரு நாளும் அறுத்ததில்லை. குழாயடியில் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன், அவர்கள் என்னை 'பிளேக்குக்காரரே' என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன்.

மலர் போடுகிறவர்களே, படத்துக்குக் கீழே இருக்கிற வரியை எடுத்துவிடுங்கள். கோவையில் முதல் துணிப்பலகைப் பிடியைப் போட்டவர் ராவுத்தர். நடந்தது இவ்வளவுதான்: எனக்குக் கட்டைவிரலில் புண் வந்து அக்குளில் நெறி கட்டியது. அந்த பக்ரீத்துக்கு மார்க்கெட்டில் மரப்பிடிக் கத்தியில்தான் அறுத்தார்கள். ராவுத்தர் வீட்டில் மட்டும் துணிப்பலகைப் பிடி. பெருநாள் கழிந்ததும் அவர் பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, மில்லுக்கு அரம் பிடிக்கப் போனார்.